வரலாற்று வகுப்பில் மூல ஆவணத்தைப் படிக்க வைப்பது எப்படி?

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கும் இரண்டு கல்வெட்டுகளைப் பற்றித் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் ஒரு வரி தெரியும்: சோழர் காலத்தில் குடவோலை முறையில் தேர்தல் நடந்தது. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் கல்வெட்டின் வாசகத்தையே எடுத்து வைத்து வகுப்பில் படித்தவர்கள் மிகக் குறைவு. படித்தால் சில நிமிடங்களிலேயே ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்கும்: "சார், இதில் யாரும் ஓட்டே போடலையே. ஒரு பையன் குடத்தில் கையை விட்டு ஓலை எடுக்கிறான். இது குலுக்கல் இல்லையா?"

அந்தக் கேள்வி வந்த நிமிடத்தில் வரலாற்றுப் பாடம் தொடங்கிவிட்டது. மூல ஆவணத்தை வகுப்புக்குக் கொண்டு வருவதன் பயன் இதுதான். பாடநூல் சொல்லும் முடிவுக்கு அடியில் என்ன சான்று இருக்கிறது, அந்தச் சான்று எவ்வளவு தூரம் தாங்கும், எங்கே தாங்காது என்று மாணவர் தம் கையால் தொட்டுப் பார்க்கிறார்கள். புதிதாக இந்த முறையைத் தொடங்க விரும்பும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கும் பெற்றோருக்கும் இந்தக் கட்டுரை.

எது மூல ஆவணம்?

ஒரு நிகழ்வு நடந்த காலத்திலேயே, அதில் பங்கு கொண்டவரோ நேரில் கண்டவரோ விட்டுச் சென்ற தடயம் எதுவும் மூல ஆவணம்தான். பாடநூல்கள் இதை முதன்மைச் சான்று என்கின்றன. கல்வெட்டு, செப்பேடு, ஓலை, கடிதம், நாட்குறிப்பு, அரசாணை, நீதிமன்ற வாக்குமூலம், செய்தித்தாள், நிழற்படம், வரைபடம், கப்பல் பயணிகள் பட்டியல், நாணயம், கிரயப் பத்திரம் எல்லாம் இதில் அடங்கும். பிற்காலத்தில் அவற்றைப் படித்து ஒருவர் எழுதிய விளக்கம் இரண்டாம் நிலைச் சான்று.

இந்தப் பிரிவைப் பொருளின் மேல் ஒட்டிய நிரந்தரச் சீட்டாக நினைக்க வேண்டாம். நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்து அது மாறும். 1950-களில் அச்சான ஒரு பள்ளிப் பாடநூல், சோழர்களைப் பற்றி அறிய இரண்டாம் நிலைச் சான்று. "1950-களில் பிள்ளைகளுக்குச் சோழர்களைப் பற்றி என்ன கற்பித்தார்கள்?" என்று கேட்டால் அதே நூல் முதன்மைச் சான்றாகிவிடும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால், பட்டியலை மனப்பாடம் செய்யும் பழக்கம் தலைகாட்டாது.

இன்னொரு வேறுபாடும் உதவும். சில ஆவணங்கள் பிற்காலத்தார் படிக்க வேண்டும் என்றே எழுதப்பட்டவை: மெய்க்கீர்த்தி, வெற்றித்தூண், தலைவர்களின் தன்வரலாறு. சில ஆவணங்கள் அன்றாட வேலைக்காக எழுதப்பட்டுத் தற்செயலாகத் தப்பியவை: சுங்கக் கணக்கு, மளிகைக் கடைச் சிட்டை, மருத்துவமனைப் பதிவேடு. முதல் வகை தன்னைப் பெரிதாகக் காட்டும். இரண்டாம் வகைக்கு அந்த ஆசை குறைவு, ஆனால் அது தொடர்பற்ற துண்டுகளாகக் கிடைக்கும். இரண்டுக்கும் வாசிப்பு வேறு.

உத்திரமேரூரை வைத்து ஒரு பாடம்

முதல் வேலை, ஒரே ஒரு கேள்வியைத் தீர்மானிப்பது. "குடவோலை முறையை விளக்குக" என்பது வேலைக்கு ஆகாது, ஏனென்றால் அதற்குப் பாடநூலிலேயே பதில் இருக்கிறது. "உத்திரமேரூரில் நடந்ததை மக்களாட்சித் தேர்தல் என்று சொல்லலாமா?" என்று கேளுங்கள். நல்ல கேள்விக்கு இரண்டு பக்கமும் ஆவணத்திலிருந்தே சான்று கிடைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே கிடைத்தால் மாணவர் ஆசிரியரின் முகத்தைப் பார்த்து விடையை ஊகிப்பார்கள்.

இரண்டாவது, ஆவணத்தைக் கத்தரிப்பது. முழுக் கல்வெட்டையும் கொடுத்தால் வகுப்பு மூன்றாம் வரியில் களைத்துவிடும். எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு 100 முதல் 150 சொற்கள் போதும். மேல்நிலை வகுப்புக்கு 250 வரை போகலாம். இந்தக் கல்வெட்டு தமிழும் கிரந்தமும் கலந்த பத்தாம் நூற்றாண்டு நடையில் இருப்பதால் இன்றைய தமிழுக்கு மாற்றியே தர வேண்டும். மாற்றும்போது பொருளை எளிமையாக்கலாம், அழகுபடுத்தக் கூடாது. விட்ட இடத்தில் மூன்று புள்ளி வையுங்கள். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின் முக்கியப் பகுதியை வகுப்புக்காக இப்படிச் சுருக்கலாம்:

முப்பது குடும்பிலும் உள்ளவர்கள் கூடி, கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டி இருப்பவராய், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குக் கீழ் உள்ளவராய், வேதம் கற்று ஓதுவிக்க அறிந்தவராய் இருப்பவர் பெயரைக் குடவோலைக்கு எழுதுக. அரைக்கால் வேலி நிலமே இருந்தாலும், ஒரு வேதமும் ஒரு பாடியமும் (உரையும்) விளக்க வல்லவராயின் அவர் பெயரும் எழுதுக… கடந்த மூன்று ஆண்டில் வாரியம் செய்தவர் ஆகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் ஆகாது… சபை கூடிய இடத்தில், முதிய நம்பி ஒருவர் எல்லாரும் காணக் குடத்தை எடுத்து நிற்க, உள்ளே இருப்பதை அறியாத ஒரு பாலன் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுக்க, அதை வேறு குடத்தில் இட்டுக் குலைத்து, ஓர் ஓலை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்க. அவன் அதை அஞ்சு விரலும் அகல வைத்து உள்ளங்கையில் ஏற்றுப் படிக்க. அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் அதைப் படிக்க.

"அஞ்சு விரலும் அகல வைத்து" என்பது கல்வெட்டின் சொற்களே. அப்படி ஓரிரு மூலச் சொற்களையாவது விட்டு வைக்க வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டு தாண்டி ஒரு தொடர் நேராக வந்து சேரும் உணர்வு பிள்ளைகளுக்கு வேறெதிலும் கிடைக்காது. தாளின் அடியில் நான்கைந்து சொற்களுக்குப் பொருள் கொடுங்கள். குடும்பு என்றால் ஊரின் வட்டாரப் பிரிவு, இன்றைய வார்டு போல. வாரியம் என்றால் ஊர்ப்பணிக் குழு. இறை என்றால் வரி. நம்பி என்றால் கோயில் பூசை செய்பவர். வேலி நில அளவு: இன்றைய தஞ்சை வழக்கில் ஒரு வேலி சுமார் 6.67 ஏக்கர், அக்காலத்தில் அளவுகோல் ஊருக்கு ஊர் மாறியது.

மூன்றாவது, சான்று வரி. யார், எப்போது, எங்கே, யாருக்காக எழுதியது என்பதைத் தாளின் தலையிலோ அடியிலோ ஒரே வரியாகத் தாருங்கள்: "உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார், முதலாம் பராந்தகனின் 14-ஆம் ஆட்சியாண்டு, கோயில் கல்வெட்டு." இந்த வரியை மாணவர் தாவிப் போவார்கள். அமெரிக்க உளவியலாளர் சாம் வைன்பர்க் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றாசிரியர்களையும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் ஒரே ஆவணங்களைப் படிக்க வைத்து ஒப்பிட்டார். வரலாற்றாசிரியர்கள் யார் எழுதியது என்பதை முதலில் பார்த்துவிட்டு ஆவணத்துக்குள் போனார்கள். மாணவர்களோ பெரும்பாலும் முதல் எழுத்தில் தொடங்கிக் கடைசி எழுத்துவரை படித்தார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் நம் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம். தாளை மடித்து, சான்று வரி மட்டும் தெரியும்படி கொடுத்து, "இதை மட்டும் வைத்து உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லுங்கள். எதை நம்பலாம், எதைச் சந்தேகிக்கலாம்?" என்று கேளுங்கள்.

இங்கேயே ஒரு நல்ல கண்டுபிடிப்பு காத்திருக்கிறது. கல்வெட்டில் 921 என்ற எண் எங்கும் இல்லை. "மதிரை கொண்ட கோப்பரகேசரி" என்ற மன்னனின் 14-ஆம் ஆண்டு என்றுதான் இருக்கிறது. மதுரையைக் கொண்ட பரகேசரி முதலாம் பராந்தகன், அவன் ஆட்சி 907-இல் தொடங்கியது என்று வேறு சான்றுகளால் அறிந்து, அதோடு 14-ஐக் கூட்டித்தான் 921 என்கிறோம். பாடநூலில் அச்சான ஆண்டுகூட ஒருவர் கணக்குப் போட்டுக் கண்டது என்று தெரிந்தால், பிள்ளைகள் அதன் பின் ஆண்டுகளை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

அடுத்தது கூர்ந்த வாசிப்பு. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு தாள். முதல் முறை ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். இரண்டாம் முறை பென்சிலோடு: மக்களாட்சிக்குச் சாதகமான சொற்களுக்கு அடிக்கோடு, எதிரானவற்றுக்கு வட்டம். சாதகமாக என்ன கிடைக்கும்? பதவிக்குக் கால வரம்பு உண்டு. வாரியம் 360 நாள் மட்டுமே. மூன்றாண்டு இடைவெளி கட்டாயம். கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. அந்த உறவுப் பட்டியல் சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன் வரை நீள்கிறது. எல்லாம் சபை நடுவே, எல்லார் கண்ணெதிரே நடக்கிறது. எதிராக? நிலம் இல்லாதவர் பெயர் ஓலையில் ஏறாது. வேதம் ஓதாதவர் பெயர் ஏறாது. அதாவது பிராமணர் அல்லாதார் யாரும் வர முடியாது. பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. கடைசியில் முடிவு செய்வது விருப்பம் அல்ல, குலுக்கல்.

இந்த இடத்தில் ஆசிரியர் அவசரப்படக் கூடாது. பிள்ளைகள் "அப்போ இது பொய்யா?" என்பார்கள். சூழலைக் கொடுக்க வேண்டிய நேரம் இது. சதுர்வேதிமங்கலம் என்பது பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊர். அதன் மன்றத்துக்குச் சபை என்று பெயர். வேளாளர் ஊர்களின் மன்றத்துக்கு ஊர் என்றும் வணிகர் ஊர்களில் நகரம் என்றும் பெயர். ஆகவே இந்த விதிகளைச் சோழநாட்டின் எல்லா ஊருக்கும் நீட்ட இந்தக் கல்வெட்டு இடம் தராது. அதே சமயம், இன்றைய வாக்குரிமையை அளவுகோலாக வைத்துப் பத்தாம் நூற்றாண்டைத் திட்டுவதும் வாசிப்பு ஆகாது. குலுக்கலில் அவர்கள் எதைத் தடுக்க நினைத்தார்கள் என்பதே பயனுள்ள கேள்வி.

அதற்கு விடை அந்த விரல்களில் இருக்கிறது. ஓலையை ஏன் ஐந்து விரலையும் விரித்து வாங்க வேண்டும்? விரல் இடுக்கில் வேறு ஓலையை மறைத்து மாற்றிவிட முடியும் என்பதால். ஏன் எதுவும் அறியாத சிறுவன்? ஏன் ஓலையை நம்பிமார் எல்லாரும் படிக்க வேண்டும்? ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ செய்த, அல்லது செய்துவிடுவார்கள் என்று பயந்த, ஒரு மோசடி ஒளிந்திருக்கிறது. ஆவணம் சொல்ல நினைக்காத செய்தி இது. சட்ட விதிகள் எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடு படிக்கலாம். "இந்த விதி எழுதப்படுவதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும்?" என்று கேட்கப் பழகிய பிள்ளை பள்ளி அறிவிப்புப் பலகையைக்கூட அப்படிப் படிக்கத் தொடங்கும்.

கடைசிப் படி, ஒப்பீடு. நல்லூழாக உத்திரமேரூரில் அதே பொருள் பற்றி 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் இருக்கிறது. அதில் வயது வரம்பு 30-க்கு மேல் 60-க்குக் கீழ். இரண்டே ஆண்டில் அது 35, 70 என்று மாறியிருக்கிறது, விதிகளும் விரிவாகின்றன. இரண்டு முறையும் அரசன் ஆணையைக் கொண்டு வந்த அதிகாரி ஒருவர் சபையில் இருந்தார் என்று கல்வெட்டுகளே சொல்கின்றன: முதல் முறை தத்தனூர் மூவேந்தவேளான், இரண்டாம் முறை சோமாசிப் பெருமான். ஆக, ஊர் தானே ஆண்டதா, அரசன் ஆள வைத்தானா? முதல் விதி ஏன் இரண்டே ஆண்டில் போதாமல் போயிற்று? கல்வெட்டு காரணம் சொல்லவில்லை. மாணவர் ஊகிக்கலாம், ஊகம் என்று எழுதி, அதற்கு எந்த வரி ஆதாரம் என்று காட்ட வேண்டும்.

துணிந்தவர்கள் மூன்றாவதாக அகநானூறு 77-ஐயும் சேர்க்கலாம். போர்க்களத்தில் பிணத்தின் குடலைப் பருந்து இழுப்பதற்கு, கயிறு கட்டிய குடத்திலிருந்து முத்திரையை உடைத்து ஓலை எடுக்கும் ஆவண மாக்களை அங்கே உவமையாகச் சொல்லியிருக்கிறது. குடவோலை சங்க காலத்திலேயே இருந்தது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் கவிதையில் இருப்பது குடமும் ஓலையும் முத்திரையும் மட்டும். அந்த ஓலையில் பெயர் இருந்ததா, பத்திரம் இருந்ததா? ஆவணங்களைப் பத்திரமாக வைக்கும் பானையாகவும் அது இருக்கலாமே? ஒரு சான்று எவ்வளவு தாங்கும் என்று எடை போட இதைவிட நல்ல பயிற்சி தமிழில் எளிதில் கிடைக்காது.

45 நிமிட வகுப்புக்கு நேரக் கணக்கு: சான்று வரிக்கு 5, வாசிப்புக்கு 10, குழுப் பேச்சுக்கு 15, எழுத 10, இரண்டு குழுக்கள் படித்துக் காட்ட 5. எழுதும் பத்து நிமிடத்தை வெட்டவே கூடாது. பேச்சில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருவர் மொத்த வகுப்பையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எழுத்தில்தான் ஒவ்வொருவரும் தனியாக யோசிப்பார்கள். ஐந்து வாக்கியம் போதும்: என் கருத்து இது, இந்த வரி அதைக் காட்டுகிறது, இந்த வரி அதற்கு எதிராக இருக்கிறது, எழுதியவரின் நோக்கம் இது, இன்னும் எனக்கு வேண்டிய ஆவணம் இது. கடைசி வாக்கியத்துக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுங்கள். தமக்கு என்ன தெரியவில்லை என்று துல்லியமாகச் சொல்வது கடினமான வேலை.

இரண்டு சாட்சிகள் மோதும்போது

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் ஒப்பீட்டுப் பயிற்சிக்கு ஏற்ற களம், ஏனென்றால் அரசுக்குள்ளேயே இரண்டு அதிகாரிகள் எதிரெதிராக எழுதினார்கள். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, இந்திய அரசு பஞ்சப் பகுதிக்கு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் 1877-இல் நிர்ணயித்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்தார்: குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதோடு பருப்பு, காய்கறியும் வேண்டும் என்றார். 1877 மார்ச்சில் மாகாண அரசு நடுவழியாக ஒன்றேகால் பவுண்டு தானியமும் கொஞ்சம் பருப்பும் என்று உயர்த்தியது.

முதலில் எண்களைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். ஒரு பவுண்டு 454 கிராம். அரிசி 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி என்று வைத்தால் டெம்பிளின் அளவு ஏறக்குறைய 1,590 கலோரி, கார்னிஷ் கேட்டது தானியத்தில் மட்டுமே 2,380. மண் வெட்டிக் கூடை சுமக்கும் ஆளுக்கு எது? அந்த ஓர் அணாவுக்கு அன்றைய சந்தையில் என்ன கிடைத்திருக்கும்? விலைப்பட்டியல் இருந்தால்தான் சொல்ல முடியும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். மூன்றாவது ஆவணத்துக்கான தேவை அப்படித்தான் பிறக்க வேண்டும். ஆசிரியர் திணித்தால் சுவை போய்விடும்.

பிறகு எழுதியவர்களிடம் வாருங்கள். டெம்பிள் 1873-74 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி தருவித்துத் தாராளமாகச் செலவு செய்து, சாவுகளைத் தடுத்து, அதற்காகவே வீண் செலவாளி என்று கண்டிக்கப்பட்டவர். இம்முறை சிக்கனம் என்ற கட்டளையோடு வந்தார். இதைத் தெரிந்துகொண்டபின் அவர் குறிப்பைப் படித்தால் ஒவ்வொரு வரியும் யாருக்குப் பதில் சொல்கிறது என்று புரியும். கார்னிஷ் மருத்துவர், சிறைகளிலும் முகாம்களிலும் உடல் மெலிவதைப் பற்றிய தரவுகள் அவர் துறையில் இருந்தன. அவருக்கும் தன் துறையின் பேச்சு எடுபட வேண்டும் என்ற அக்கறை உண்டு. இருவருமே கூலி வாங்கியவர்கள் அல்ல. கூலி வாங்கியவரின் குரல் இந்தக் கோப்பில் எங்கே? பெரும்பாலும் இல்லை. யார் பேசவில்லை என்று கேட்பதும் வாசிப்பின் பகுதி. அதற்கு நாட்டுப்புறப் பாடல், கும்மி, கல்லறைப் பதிவு, இடம்பெயர்ந்தோர் கப்பல் பட்டியல் பக்கம் போக வேண்டியிருக்கும்.

அதே பஞ்சத்தில் வில்லோபி ஹூப்பர் எடுத்த நிழற்படங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. எலும்பும் தோலுமாகக் குடும்பங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நிழற்படம் பொய் சொல்லாது என்று நினைக்கும் வகுப்புக்கு இவை நல்ல மருந்து. அக்காலக் கேமராவுக்கு ஆட்கள் அசையாமல் இருக்க வேண்டும். ஆகவே யாரோ அவர்களை அழைத்து, வரிசையாக உட்கார வைத்து, நேரம் எடுத்துப் படம் பிடித்திருக்கிறார். பட்டினி உண்மை, அமைப்பு செய்யப்பட்டது. இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள மாணவருக்குக் கற்றுத் தர வேண்டும். படத்தை நான்காக மடித்து, ஒவ்வொரு காலாகத் திறந்து பார்க்க வையுங்கள். ஒரே பார்வையில் பரிதாபப்பட்டுத் தாண்டிப் போக முடியாது. சிறு வகுப்புகளுக்கு இந்தப் படங்கள் வேண்டாம், எண்களே போதும்.

எங்கே தவறிப் போகிறது

முதல் தவறு மிகச் சாதாரணமானது. பாடத்தை முழுக்க நடத்தி முடித்துவிட்டு, "இதோ அதற்கான ஆவணம்" என்று காட்டுவது. முடிவு தெரிந்த பின் ஆவணம் வெறும் அலங்காரம். பிள்ளைகள் தெரிந்த விடையை அதில் தேடி எடுத்துக்கொண்டு மூடிவிடுவார்கள். ஆவணம் முன்னால், பாடநூல் பின்னால். வேண்டுமானால் பாடநூலின் அந்த ஒரு வரியைப் பலகையில் எழுதி, கடைசியில் அதைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். "குடவோலை முறையில் தேர்தல் நடந்தது" என்ற வரி ஒரு நல்ல வகுப்பின் முடிவில் நான்கு வரியாக வளர்ந்திருக்கும்.

இரண்டாவது தவறு கொஞ்சம் நுட்பமானது, நன்றாகப் படிக்கும் வகுப்பில்தான் வரும். பக்கச்சார்பு என்ற சொல்லைக் கற்றுக்கொண்டதும் மாணவர் எல்லா ஆவணத்தின் மேலும் அந்த முத்திரையைக் குத்திக் கீழே வைத்துவிடுவார்கள். "இவர் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), பிரெஞ்சுக்காரரிடம் வேலை பார்த்தவர், நம்ப முடியாது." புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையை அப்படித் தள்ளிவிட்டால் அந்த நகரத்தின் கால் நூற்றாண்டே போய்விடும். ஆளுநர் துய்ப்ளேயின் மனைவியைப் பற்றி அவர் எழுதுவதில் கசப்பு வெளிப்படை. அங்கே எச்சரிக்கை வேண்டும். ஆனால் எந்தக் கப்பல் எந்த நாள் வந்தது, என்ன சரக்கு, யார் யாரைப் பார்க்க வந்தார்கள் என்பதில் அவர் பொய் எழுத என்ன தேவை? அவருடைய கசப்பும்கூட, அரண்மனைக்குள் யார் செல்வாக்குக்கு யார் போட்டி என்பதற்குச் சான்றாகிறது. "எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது?" என்று கேள்வியை மாற்றிக் கேட்டால் போதும்.

மூன்றாவது, விதியை நடப்பாக எடுத்துக்கொள்வது. உத்திரமேரூர்க் கல்வெட்டு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறது. அப்படியே நடந்ததா என்று அறிய வேறு ஆவணம் வேண்டும். அரசாணை, சட்டம், பள்ளிப் பாடத்திட்டம் எல்லாவற்றிலும் இந்த வழுக்கல் உண்டு.

மொழிபெயர்ப்பை மூலம் என்று நினைப்பது இன்னொரு சிக்கல். ஆங்கில அறிக்கையில் "தேர்தல்" என்று பொருள்படும் சொல் ஒன்று விழுந்தால், அது திரும்பத் தமிழுக்கு வரும்போது இன்றைய வாக்குப்பெட்டியையும் சேர்த்துக் கொண்டு வருகிறது. முடிந்த இடத்திலெல்லாம் முக்கியச் சொல்லின் மூல வடிவத்தைத் தேடி வையுங்கள். அது போலவே, கைபேசியில் சுற்றும் "பழைய ஆவணம்", தலைவர்கள் சொன்னதாக வரும் மேற்கோள்: எந்த நிறுவனத்தில், எந்த எண்ணில், எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று சொல்ல முடியாத எதையும் தாளில் அச்சிட வேண்டாம். ஆனால் அப்படி ஒன்றைக் கொண்டு வந்து, "இதன் சான்று வரி எங்கே?" என்று பிள்ளைகளைத் தேட விடுவது அருமையான ஒரு பாடவேளை.

எங்கே கிடைக்கும்?

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அரசின் தமிழ் மின்னூலகம், இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளம், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு நூலகம் தளம். கல்வெட்டு வாசகங்களுக்குத் தொல்லியல் துறை வெளியீடுகளும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும். தொடக்கத்தில் இவற்றில் மூழ்க வேண்டாம். ஒரு ஆண்டுக்கு மூன்று ஆவணப் பாடங்களைச் செம்மையாகத் தயாரித்தால் போதும். ஒன்றைத் தயாரிக்க முதல் முறை நான்கைந்து மணி நேரம் போகும். அடுத்த ஆண்டு அதே தாள் பயன்படும்.

வீட்டு ஆவணங்களும் நல்ல சான்றுகள்: பழைய திருமண அழைப்பிதழ், குடும்ப அட்டை, கிரயப் பத்திரம், தபால் முத்திரையோடு கூடிய கடிதம். ஒரு ஊரின் 1960, 1990, 2020 அழைப்பிதழ்களை வரிசையாக வைத்தால் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டம், மணமகளின் படிப்பு, அச்சகத்தின் ஊர் என்று எத்தனையோ மாற்றம் தெரியும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைத் தொட வேண்டாம். அதில் உயிரோடு இருப்பவர்களின் சாதியும் பிறந்த தேதியும் இருக்கும். பத்திரங்களில் பெயர், சர்வே எண், கையெழுத்தை மறைத்த பின்பே நகலெடுங்கள். வீட்டில் ஆவணமே இல்லாத பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். ஆகவே "எல்லாரும் கொண்டு வாருங்கள்" என்று சொல்லாமல், கிடைத்ததைப் பொதுவில் வைத்துக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுங்கள்.

ஊரிலேயே கல்வெட்டு இருந்தால், ஏரி மதகிலோ கோயில் அதிட்டானத்திலோ (அடித்தளத்திலோ), அங்கே நேரில் போவதற்கு ஈடில்லை. காலை எட்டரைக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல் போங்கள். சாய்வெயில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் கட்டும். நண்பகலில் அதே கல் வெறும் பாறையாகத் தெரியும். நிழலான சுவரென்றால் டார்ச்சை எழுத்துக்கு நேரே பிடிக்காமல் பக்கவாட்டில், கல்லை ஒட்டிப் பிடியுங்கள். எழுத்து எடுப்பாகத் தெரிய சுண்ணாம்பு, சாக்பீஸ் பொடி, எண்ணெய் எதையும் தேய்க்க விடாதீர்கள். ஒரு முழ அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, இடமிருந்து வலமாக, ஒவ்வொரு படமும் முந்தியதன் கால் பங்கை மூடும்படி எடுங்கள். பிறகு முதல் கேள்வியை அங்கேயே கேளுங்கள்: இவ்வளவு செலவு செய்து இதைக் கல்லில் வெட்டியவர், யார் இதைப் படிப்பார்கள் என்று நினைத்து இந்த இடத்தில் வெட்டினார்?